பொறாமையும் தூரிகையும்
‘என் பெயர் சிவப்பு’ நாவலை முன்வைத்து

எங்கள் கல்லூரியின் இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் தயக்கத்துடன் ஒரு நூலை நீட்டி, “ஹழ்ரத், இதை வாசிக்கலாமா?” என்று கேட்டார். துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’. ஜி. குப்புசாமியின் தமிழாக்கம், நம் நாகர்கோவிலிலிருந்து இயங்கும் காலச்சுவடு பதிப்பகத்தின் வெளியீடு. பாமுக் 2006இல் நோபல் பரிசு பெற்றவர். நாவலின் முதல் அத்தியாயத்தில் கிணற்றில் கிடக்கும் பிணம் பேசுகிறது. தொடர்ந்து நாயும் மரமும் தங்க நாணயமும் பேசுகின்றன. ஷைத்தானுக்கும் ஒரு முறை வாய்ப்பளிக்கப்படுகிறது. மாணவரின் தயக்கம் இயல்பானதே. “வாசியுங்கள், ஆனால் ஒரு காழியைப் போல இரு தரப்பையும் கேட்டு வாசியுங்கள்” என்றேன். அவ்விதம் நானும் வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

கதை நிகழும் ஆண்டு 1591; ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு நெருங்கும் காலம். உஸ்மானியப் பேரரசர் மூன்றாம் முராத் அதனை முன்னிட்டு இரகசியமாக ஒரு நூலைத் தயாரிக்கப் பணிக்கிறார். அதன் ஓவியங்கள் வெனிஸ் நகரத்தாரின் பாணியில், மனித முகத்தை உள்ளவாறே காட்டுபவையாக அமைய வேண்டும். பொறுப்பு எனிஷ்டே என்பாரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அரண்மனைச் சித்திரக்கூடத்தின் தலைவரான உஸ்மானோ ஹெராத் நகரப் பேராசான் பிஹ்ஸாதின் மரபில் ஊறியவர். இவ்விருவர் பகைக்கிடையே தங்க முலாம் தீட்டும் கலைஞர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்படுகிறார். பின்னர் எனிஷ்டேயும் மைக்கூட்டால் அடித்துக் கொல்லப்படுகிறார். ஐயத்திற்குரியோர் மூன்று ஓவியர்கள். கொலைகாரன் யாரென்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அது வாசகருக்குச் செய்யும் அநீதி.

போட்டியாளரான கலைஞர்களிடையே கொலை என்னும் இக்கதைப்பொருள் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணுவோர் உண்டு. அரபு இலக்கியம் பயின்றோருக்கு அது வியப்பளிக்காது. ஹிஜ்ரி 245இல் மறைந்த முஹம்மத் இப்னு ஹபீப், வஞ்சகமாகக் கொல்லப்பட்ட பிரமுகர்களையும் கொல்லப்பட்ட கவிஞர்களையும் பட்டியலிட்டுத் தனி நூலே யாத்தார். அதற்குப் பின் ஹிஜ்ரி 354இல் முதனப்பி தம் வசைப்பாட்டு ஒன்றின் காரணமாகவே பக்தாத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். இலக்கணப் பேரறிஞர் ஸீபவைஹி, பர்மகீ அமைச்சரின் அவையில் கிஸாயீயுடன் நடத்திய விவாதத்தில் தோற்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். சாட்சி கூறிய நாட்டுப்புற அரபிகள் வசப்படுத்தப்பட்டிருந்தனர் என்றும், அந்த மனவேதனையே அவரை விரைவில் மண்ணுக்குள் சேர்த்தது என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. கத்தி இல்லாமலும் கொலை நிகழும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பொறாமையின் கூறுகளை இன்னும் நுட்பமாகக் கண்டவர் ஜாஹிழ். தம் பெயரில் தரமான நூலை வெளியிட்டால் அறிஞர் சிலர் கூடிக்கொண்டு அதைத் தாக்குவர் என்றும், அதனினும் தாழ்ந்த ஒன்றை இப்னுல் முகஃப்பஃ போன்ற முன்னோர் பெயரில் வெளியிட்டால் அதே மனிதர்கள் வந்து படியெடுக்க அனுமதி கேட்பர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த அனுபவத்திற்கு வயதாகவில்லை.

தமிழ் மரபும் இதில் பின்தங்கியதன்று. ஒட்டக்கூத்தர் புகழேந்தி பகைமை பற்றியும், வாதில் தோற்ற புலவர்களின் செவியறுத்த வில்லிபுத்தூரார் பற்றியும் வழங்கும் கதைகள் வரலாறாக இல்லாதிருக்கலாம்; புலமைக் காய்ச்சலை நம்மவர் எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதற்கு அவை சான்று. உமறுப் புலவரைப் பற்றிய செவிவழிக் கதையோ வேறு திசையில் செல்கிறது. எட்டயபுரத்தில் தம் ஆசானை வாதுக்கு அழைத்த புலவரை இளைஞரான உமறு வென்றார் என்பர். அக்கதையில் இரத்தம் இல்லை.

துப்பறியும் கதைக்கும் நம்மிடம் வேர்கள் உள்ளன. ஆயிரத்தோரு இரவுகளில் வரும் மூன்று ஆப்பிள்களின் கதையில், திஜ்லா நதியிலிருந்து எடுத்த பெட்டியில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. மூன்று நாட்களுக்குள் கொலைகாரனைக் கண்டுபிடிக்குமாறு ஹாரூன் ரஷீத் தம் அமைச்சர் ஜஃபருக்குக் கட்டளையிடுகிறார். ஜஃபர் எதையும் துப்பறியவில்லை. வீட்டில் அமர்ந்து விதியை எதிர்நோக்குகிறார். பாமுக்கின் சுல்தானும் அதே மூன்று நாட்களைத்தான் அளிக்கிறார். ஆனால் இங்கே தலைமை ஓவியர் உஸ்மான் கருவூலத்தில் அமர்ந்து பழஞ்சுவடிகளைப் புரட்டுகிறார். கொல்லப்பட்டவரிடம் கிடைத்த ஒரு குதிரைச் சித்திரத்தின் நாசித் துவாரங்கள் வழக்கத்துக்கு மாறாக வெட்டப்பட்டிருக்கின்றன. அக்கோடு எந்தக் கையின் பழக்கம் என்பதே தேடல். உம்பர்த்தோ ஈக்கோ 1980இல் வெளியிட்ட ‘ரோஜாவின் பெயர்’ நாவலில் வரும் நஞ்சு தோய்ந்த ஏடுகளும், நம் இரவுகளில் மருத்துவர் தூபான் யூனான் மன்னருக்கு விட்டுச்சென்ற நூலை நினைவூட்டுபவையே.

நாவலின் மிகச் சிறந்த கருத்து இந்தக் குதிரையின் நாசியில்தான் இருக்கிறது. பழைய ஆசான்களின் நோக்கில் தனித்த பாணி என்பது குறை. கை தவறிய இடம். புதியோரின் நோக்கில் அதுவே கலைஞனின் முத்திரை. கொலைகாரன் தன்னை மறைக்க விரும்புகிறான், தன் பாணியையோ மறைக்க இயலவில்லை. நபிமொழிக் கலையில் அறிவிப்பாளரின் நிலையையும் வாசகத்தின் நுண்ணிய பிழையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த நம் முஹத்திஸ்களுக்கு இந்த முறை அந்நியமானதன்று. ஒரு சொல்லின் இடமாற்றத்திலிருந்து அறிவிப்பாளரின் மறதியைக் கண்டறிந்தவர்கள் அவர்கள். திருக்குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தில் பின்புறம் கிழிந்த சட்டை ஒருவரின் தூய்மைக்குச் சான்றாவதையும் இங்கே நினைவுகூரலாம்.

இனி எதிர்த்தரப்பு. உருவப்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பை நாவல் கேலி செய்கிறது என்னும் குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கவில்லை. வடிவமைப்பவன் என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. அந்த அச்சத்தைக் கொலையுண்டவரின் வாயிலாகவும் கொலைகாரனின் வாயிலாகவும் பாமுக் உண்மையாகவே பேசவைக்கிறார். கொலைக்குக் காரணம் மார்க்கம் அன்று. காட்டிக்கொடுக்கப்படுவோம் என்னும் பயமும், சக கலைஞன் மீதான பொறாமையும். இதை ஆசிரியர் தெளிவாகவே காட்டியிருக்கிறார்.

என் குறை வேறிடத்தில். மார்க்கத்தின் சார்பில் நாவலில் உரத்துப் பேசுபவர் எர்ஸுரூம் நகரப் பிரசங்கி ஒருவரே. அவருடைய கூட்டம் காப்பிக்கடையைச் சூறையாடுகிறது. அவரைப் போன்ற காழிஸாதே இயக்கத்தினர் வரலாற்றில் வலுப்பெற்றது பதினேழாம் நூற்றாண்டில். நாவலாசிரியர் அவர்களை முன்கூட்டியே அழைத்து வந்துவிட்டார். புனைவுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஃபிக்ஹ் எங்கே? கணவன் போரிலிருந்து திரும்பாத ஷெகூரேயின் மணவிலக்குக்காக ஹனஃபி காழி விலக, ஷாஃபிஈ பிரதிநிதி அமரும் காட்சி ஒன்று உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அது புன்னகை தரும். ஆயினும் அங்கும் பொற்காசுகளே பேசுகின்றன. கொலை வழக்கிலோ சித்திரவதை அச்சுறுத்தல் மட்டுமே இருக்கிறது. கொன்றவன் அறியப்படாத உடல் கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு நம் நூல்களில் ‘கஸாமா’ என்றொரு பாடமே உண்டு. ஹனஃபிகளிடம் அப்பகுதியினர் ஐம்பது சத்தியங்கள் செய்து இரத்த ஈட்டுத்தொகையும் செலுத்த வேண்டும். ஷாஃபிஈகளிடம் வலுவான சந்தேகக்குறி இருந்தால் கொலையுண்டவரின் வாரிசுகள் சத்தியம் செய்வர். முறை வேறுபடினும் நோக்கம் ஒன்றே: எந்த இரத்தமும் கேட்பாரற்று வீணாகிவிடக் கூடாது. இஸ்தான்பூலின் தெருக்களையும் உணவையும் இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஆசிரியர், அந்நகரின் நீதிச் சிந்தனையைக் கடந்து சென்றது இழப்பே.

இரத்தம் வீணாவது வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று. 1944 நவம்பரில் சென்னையில் ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். பிறர் அந்தரங்கத்தை விற்று வாழ்ந்த எழுத்து அவருடையது. நம் நாஞ்சில் மண்ணின் மைந்தர் என்.எஸ். கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையாயினர். கொன்றது யார் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. எழுத்தால் காயப்படுத்தியவர், கத்தியால் கொல்லப்பட்டவர், சிறையில் ஆண்டுகளை இழந்தவர்கள் என மூன்று அநீதிகள் ஒரே வழக்கில்.

பகைக்கு மாற்று என்ன? அதையும் நம் முன்னோர் காட்டியுள்ளனர். முதனப்பியின் ஆதரவாளரும் எதிரிகளும் மோதிக்கொண்டிருந்தபோது, ரய் நகரக் காழியான அலீ அல்ஜுர்ஜானீ அவ்விரு தரப்பினருக்கிடையே நடுநிலை வகித்து ‘அல்வஸாதா’ என்னும் நூலை எழுதினார். கவிஞரின் குறைகளை மறைக்கவில்லை. குறையுள்ள கவிதைகளைக் காட்டி நிறையுள்ளவற்றைத் தள்ளவும் விடவில்லை. திறனாய்வு என்பது தீர்ப்பு வழங்கும் அமானிதம் என்பதற்கு அது சான்று.

நம் வட்டாரத்து மீலாது மலர்களைத் தொகுப்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னார் எழுதினால் நான் எழுதமாட்டேன் என்ற நிபந்தனைகளையும், ஒருவர் நூலைப் பற்றி அனைவரும் பேசிவைத்தாற்போல் மௌனம் காப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஒரு முறை அந்த மௌனத்தில் நானும் பங்கேற்றிருக்கிறேன். அவர் அடுத்த நூலை எழுதவில்லை. அவரைக் கொன்றவர் யாருமில்லை என்று சத்தியம் செய்ய அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும் துணிவு இருக்காது. ஆதமின் மக்களிடையே நிகழ்ந்த முதல் கொலையும் ஒருவரின் காணிக்கை ஏற்கப்பட்டு மற்றவருடையது மறுக்கப்பட்டதால் எழுந்ததுதானே.

அந்த மாணவர் இரு வாரங்களில் நூலைத் திருப்பித் தந்தார். கொலைகாரனைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டேன். “பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் ஹழ்ரத், ஆனால் மற்ற இருவரும் நிரபராதிகள் என்று நம்ப முடியவில்லை” என்றார். நாவலை அவர் சரியாகவே வாசித்திருக்கிறார்.