சீதனக் கதையும் அடகுச் சீட்டும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் ஊர்களைக் களமாகக் கொண்ட கதைகளில் சீதனக் கதைக்கு என்றும் பஞ்சமில்லை. குமர் இருக்கும் வீடு, பேசி முடித்த பவுண், கைக்கூலி, கடனில் முறியும் வாப்பா, முந்தானையால் கண் துடைக்கும் உம்மா எல்லாம் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரின் பேராசைமீது ஆசிரியர் கொள்ளும் சினத்தை நாம் குறை கூறவில்லை. அச்சினம் மிக மலிவாகத் தீர்ந்துவிடுகிறது என்பதே எமது வழக்கு. தங்கம் மணப்பெண்ணின் கழுத்தில் ஏறும்வரைதான் கதை நடக்கிறது; அது கழுத்தைவிட்டு இறங்கும் நாளை எழுதுவார் அரிது.

வீடு வழக்கப்படி பெண்பிள்ளைக்குப் போகிறது; வயலை நினைத்தவுடன் காசாக்க முடியாது; அவசரத்துக்குக் கைகொடுப்பது நகை ஒன்றே. விதைப்புக்கு ஈடு வைப்பர்; அறுவடைக்கு மீட்பர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவர் வீட்டிலும் இதே கணக்குத்தான். வெள்ளிக்கிழமை வட்டியின் பாவத்தைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை அடகுக்கடைப் படியேறுபவரை நயவஞ்சகர் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. விதைநெல் காத்திராது. பொன்னைப் புழக்கத்திலிருந்து எடுத்துப் பதுக்குபவனையும், பணத்தைப் புழக்கத்தில் விட்டுப் பெருக்கும் முதலாளியையும் மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் வேறு பிரிக்கிறார். நம்மூர் நகையிலோ இரண்டும் கலந்து கிடக்கின்றன: பொருள் வங்கிப் பெட்டகத்தில் உறங்க, அதன் விலை வயலில் உழைக்கிறது. அந்த விலையை ஆட்டுவிப்போர் வயலையும் கண்டவரல்லர், கல்யாணத்தையும் கண்டவரல்லர்.

2011 செப்டெம்பரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் ஒன்றுக்கு 1,900 டொலரைத் தொட்டது. விலை ஏற ஏற, ஒரு பவுணுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனும் ஏறியது. பழைய ஈட்டை மீட்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. கூடிய தொகைக்கு அதையே மறுபடி வைத்துப் பழைய கடனையும் வட்டியையும் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். விலை ஏறும்வரை கடன் கடனாகவே தெரிவதில்லை. ஊதிப் பெருத்த சந்தைகள் அனைத்தின் சூத்திரமும் இதுதான். 2013 ஏப்ரலில் இரண்டே வியாபார நாட்களில் அவுன்சுக்கு 200 டொலர் அளவுக்குச் சரிந்தபோது, வட்டியோடு சேர்ந்த கடன் நகையின் விலையை மிஞ்சியது. நாடெங்கும் மீட்கப்படாத நகைகள் குவிந்தன. வங்கிகளின் அறவிடாக் கடன் பெருகியது. 2014இல் மத்திய வங்கி அடகுக் கடன்களுக்கெனக் கடன் உத்தரவாதத் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. உத்தரவாதம் கடன் கொடுத்தோருக்கு. ஏலத்தில் போன மாலைக்கு உத்தரவாதம் எழுதித் தந்தவர் எவருமில்லை.

'தங்கம் ஏமாற்றாது' என்பார் உளர். 1980 ஜனவரியில் 850 டொலர் வரை போன தங்கம், அந்த உச்சத்தைத் தாண்ட 2008 ஜனவரிவரை 28 ஆண்டுகள் காத்திருந்தது. நமது ரூபாய் தேய்ந்துகொண்டே வந்ததால் அந்த ஏமாற்றம் நம்மவர் கண்ணுக்குப் பெரிதும் மறைந்திருந்தது. 2022இல் இந்த மயக்கம் உச்சத்துக்கு வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. பவுண் விலையும் அதனோடு தாவியது. 'தங்கம் ஏறிவிட்டது' என்று அதைச் சொன்னார்கள். ஏறியது தங்கமன்று, இறங்கியது நாம் வாங்கும் கூலி. முந்திய ஆண்டின் இரசாயனப் பசளைத் தடையால் பெரும்போக விளைச்சல் விழுந்திருந்தது. அறுவடையில் மீள வேண்டிய நகை மீளவில்லை. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது.

2025இல் அவுன்ஸ் 4,000 டொலரையும் கடந்தது. கல்யாணப் பேச்சில் 'பத்துப் பவுண்' என்ற சொல் மட்டும் மாறவில்லை. அச்சொல்லுக்கு அடியில் மருதமுனைத் தறிகாரரின் எத்தனை மாத உழைப்புக் கூடிற்று என்று எண்ணிப் பார்த்த கதையாசிரியர் யார்? இன்னொன்று: 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மணப்பெண்ணின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்றே வரையறுத்தது, பெண் அதைத் திருப்பிக் கேட்கலாம். அப்படிக் கேட்கத் துணியும் ஒருத்தியையும் நமது கதைகளில் தேட வேண்டியிருக்கிறது. அழுபவளை எழுதுவது எளிது.

இவை பொருளியற் சங்கதிகள், கதைக்கு வேண்டியது உணர்ச்சியே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஏல அறிவித்தல் தபாலில் வந்த பகற்பொழுதில், புருஷன் வயலிலிருந்து திரும்புமுன் அந்தக் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறாளே, அவளிடம் உணர்ச்சிக்கு என்ன குறை?