இழுத்தால் நிற்பது: ஒரு நடைப் பயிற்சியின் பலமும் பலவீனமும்

லீஷை இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு இன்று அதிகம் பரிந்துரைக்கப்படும் பயிற்சி எளியது. நாய் இழுத்தால் பிடித்திருப்பவர் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்க வேண்டும். இழுப்பதால் ஓரடிகூட முன்னே போக முடியாது என்று நாய் தானாகவே புரிந்துகொள்ளும்.

இதற்கு முந்தைய வழி கழுத்தைச் சுண்டி இழுப்பது. ஜெர்மானியரான கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூலும், அமெரிக்கரான வில்லியம் கோலர் 1962-இல் எழுதிய நூலும் அந்த வழியைச் சேர்ந்தவை. ஏற்கெனவே அடிபட்டுக் கைவிடப்பட்டு மீட்கப்பட்ட நாய்க்கு அது பொருந்தாது. மூச்சுக்குழாய் நசுங்குவது ஒருபுறம். மனிதக் கை என்றால் வலி என்ற அதன் பழைய முடிவும் உறுதிப்படும். நின்றுவிடும் முறையில் இந்தக் கேடு இல்லை. அதன் பெரிய பலம் இதுதான்.

ஆனால் நாய் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்ட இனம் என்பதை இம்முறை கண்டுகொள்வதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் கைவிடப்படும் சாதி நாய்களில் லேப்ரடாரை அடிக்கடி பார்க்கலாம். அடுக்குமாடி வீட்டுக்குக் குட்டியாக வந்து, வளர்ந்ததும் வேண்டாததாகிவிடுகிறது. துப்பாக்கியால் சுடப்பட்டு விழுந்த பறவையை மோப்பம் பிடித்துத் தேடி, கடித்துக் குதறாமல் கொண்டுவரும் இனம் அது. பண்ருட்டி முந்திரித் தோப்பின் ஓரத்தில் அப்படிப்பட்ட நாயை நிறுத்திவைத்துப் பிஸ்கட் நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குக் கூலி வாசனைதான். அதிகம் விரும்பும் செயலையே குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959-இல் காட்டினார். அதன்படி, பத்தடி ஒழுங்காக நடந்தால் அடுத்த புதரை மோந்து பார்க்கவிடுவது, வெறுமனே நிற்பதைவிட விரைவில் பலன் தரும்.

இன்னொரு குறை வீட்டுக்குள் இருக்கிறது. மகள் காலையில் இழுத்தால் நிற்கிறாள். தாத்தா மாலையில் பாவம் என்று இழுத்த பக்கமெல்லாம் போகிறார். எப்போதாவது பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட மறையத் தாமதமாகும். அரைகுறையாகச் செய்தால் இம்முறை இழுப்பை வளர்க்கவே செய்யும்.

தெருவும் ஒத்துழைக்க வேண்டும். திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்கள் போன்ற பழைய ஊர்த் தெருக்களில், சில வீடுகளுக்கு ஒரு தெருநாய்க் கூட்டம் எல்லை வைத்திருக்கும். அங்கே அசையாமல் நிற்பது சண்டையை அழைப்பது. ஆளில்லாத நடைபாதையை மனத்தில் வைத்து உருவான விதியை அங்கே அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது மூடத்தனம். நிற்காமல் மெல்லத் திரும்பி வந்த வழியே போவதே சரி. நிற்கும் பாடத்தை முதலில் மொட்டைமாடியிலும், பிறகு நெய்வேலி வட்டங்களின் அகலச் சாலைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பும் நடத்தலாம். சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும்; சுடும் தரையில் துள்ளும் நாய் எதையும் கற்காது.

மீட்கப்பட்டது சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு வேட்டைநாய் என்றால் கணக்கு மாறும். அவை மோந்து தேடுவதைவிடக் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. ஓடும் பூனையைக் கண்டபின் எந்தப் பரிசும் எடுபடாது. தலை குறுகலாக இருப்பதால் சாதாரண பெல்ட்டிலிருந்து பின்வாங்கி உருவிக்கொள்ளவும் செய்யும். இழுக்கும்போது அளவாக இறுகும் அகலப் பட்டையோ, நெஞ்சைச் சுற்றிய ஹார்னஸோ இல்லாமல் அவற்றைத் தெருவில் இறக்கக் கூடாது.