மெடானிலிருந்து சென்னைத் தெரு வரை

இந்த ஆண்டு வாசிப்பில் முதலில் சொல்ல வேண்டியது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்த நாவல். இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடான், பினாங்கு. வட்டிக்கடைகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். இந்திய தேசிய ராணுவம். இத்தனைக்கும் நடுவில் நாயகன் பாண்டியனின் நினைவு மதுரைத் தெருக்களுக்கு ஓடிவிடுகிறது. ஒரே பத்தியில் கடல் தாண்டிப் போய்த் திரும்பும் அந்த வேகம் அசாத்தியமானது. மெடானில் வேலை பார்த்து, மதுரைக்குத் திரும்பிப் பத்திரிகை அலுவலகத்தில் உழைத்த சிங்காரம் எழுதியது இரண்டே நாவல்கள். இன்னொன்று 'கடலுக்கு அப்பால்'. இன்னும் நான்கு எழுதியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

அதை முடித்த கையோடு அசோகமித்திரனின் 'தண்ணீர்' எடுத்தேன். போர் இல்லை, கடல் இல்லை. சென்னையில் ஒரு தெரு, அங்கே தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, அவள் தங்கை சாயா. குழாயில் சாக்கடை கலந்து வருவதைக்கூட அவர் குரல் உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார். அந்த நிதானம்தான் நம்மை உலுக்குகிறது. மெலிந்த புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். நான் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன்.

கட்டுரைத் தொகுப்புகள் சிலவும் படித்தேன், பரவாயில்லை. அடுத்து பூமணியின் 'அஞ்ஞாடி'. ஆயிரம் பக்கத்துக்கு மேல். கோடை முழுவதும் அதற்குத்தான்.