'சாரி'யும் மன்னிப்பும்

ஆங்கிலம் கல்லாதவரும் அறிந்த ஆங்கிலச் சொற்கள் சில உள. அவற்றுள் 'சாரி' என்பது ஒன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சிறுவர் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குமுன்பே இச்சொல்லைச் சொல்லப் பழகிவிடுகின்றனர். அதன் பொருள் யாது என வினவின், 'மன்னிக்கவும்' என்று தயங்காது விடை வரும். சிறுவர் மட்டுமல்லர், ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே கூறுகின்றனர். இவ்விடை பாதி உண்மை. மற்றைப் பாதியால் தமிழ் நடைக்கு நேர்ந்துள்ள கேடு சிறிதன்று.

இச்சொல் பழைய ஆங்கிலத்தில் 'சாரிக்' என வழங்கியது. அதன் அடியாகிய 'சார்' என்பது நோவு, புண் என்னும் பொருளது. இன்று ஆங்கிலேயர் புண்ணையும் வலியையும் குறிக்க வழங்கும் 'சோர்' என்பதும் அவ்வழி வந்ததே. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' என்பதையும் இதன் உடன்பிறப்பாகக் கருதுவோர் உளர். அது பிழை. அதன் வேர் வேறு. ஒலியாலும் பொருளாலும் நெருங்கியமையால் இரண்டும் ஒரு குடியினபோல் தோன்றுகின்றன.

ஆகவே, 'சாரி' என்பவன் அச்சொல்லின் முதற்பொருளில் 'என் உள்ளம் நோகின்றது' என்றே கூறுகிறான். இலக்கண வகையால் அது வினைச்சொல் அன்று, பெயரடை. சொல்பவனுடைய நிலையை அது உணர்த்தும். கேட்பவனை ஒன்றும் செய்யச் சொல்லாது.

'மன்னி' என்பதோ வினை. 'மன்னிக்கவும்' என்பவன் தன் உள்ளத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. எதிரில் நிற்பவனிடம் ஒரு செயலை வேண்டுகிறான். மன்னிப்பு என்பது தமிழ்ச்சொல்தானா என்னும் வழக்கு அறிஞரிடையே உண்டு. அதனை ஈண்டு எடுத்தல் வேண்டா. 'பொறுத்தருள்க' என மாற்றினும் இவ்வேறுபாடு அவ்வாறே நிற்கும்.

இவ்விரண்டையும் ஒன்றாக்கியதன் விளைவு யாது? ஆங்கிலக் கதையொன்றில் ஒருவனுக்குத் தந்தை இறந்துவிடுகிறார். நண்பன் வந்து 'சாரி' என்கிறான். மொழிபெயர்ப்பில், 'உங்கள் தந்தையார் இறந்ததற்கு மன்னிக்கவும்' என்று அமைகிறது! படிப்பவர், கொன்றவனே வந்து நிற்கிறானோ என ஐயுறமாட்டாரா? 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதவும், 'கேட்டதும் மனம் பதறிவிட்டது' என்று பேசவும் தமிழில் வழியுண்டு. துக்க வீட்டில் தமிழர் பலர் ஒன்றும் பேசாமல் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பர். அதுவும் நல்ல மொழிபெயர்ப்பே.

இலக்கணக் கேடு இதனினும் ஆழமானது. 'ஏற்பட்ட சிரமத்திற்கு மன்னிக்கவும்' என்னும் அறிவிப்பைக் காணாதவர் இரார். 'மன்னி' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. 'பிழையை மன்னியுங்கள்', 'எங்களை மன்னியுங்கள்' என அது இரண்டாம் வேற்றுமை ஏற்கும். 'சிரமத்திற்கு' என நான்காம் வேற்றுமை வந்தது எவ்வாறு? ஆங்கிலத்தில் 'சாரி'யை அடுத்து நிற்கும் 'ஃபார்' என்பதன் நிழலே அந்தக் குகர உருபு. 'எங்களை' என்பது மறைந்து நிற்கிறது எனச் சிலர் வாதிடலாம். அங்ஙனமாயின் 'சிரமத்திற்காக' என்றேனும் இருத்தல் வேண்டும். இதற்கு மாறாக, தொலைக்காட்சியில் படம் நின்றுபோன காலத்தில் திரையில் தோன்றிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்னும் தொடரை நோக்குக. 'வருந்து' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை; காரணத்தைக் காட்ட நான்காம் வேற்றுமை இயல்பாய்ப் பொருந்துகிறது; பொருளும் 'சாரி'யின் பொருளே. அதனை எழுதியவர் இரு மொழியும் அறிந்தவர்.

பிற வழக்குகளைச் சுருங்கக் கூறலாம். காதில் விழாதபோது ஆங்கிலேயர் குரலை உயர்த்திச் சொல்லும் 'சாரி'க்குத் தமிழ் 'என்ன சொன்னீர்கள்?' என்பதே. இழிந்த நிலையைக் குறிக்க வருங்கால் 'பரிதாபமான' என்பது போதும். மறுப்பதற்கு முன் சொல்லப்படுவது வெறும் ஒப்பனை.

பிழை செய்தவன் சொல்லும் 'சாரி' ஒன்றே மன்னிப்பின் எல்லைக்குள் வருவது. அங்கும் தமிழ்ப் பேச்சு வழக்கு வேறு வழி செல்கிறது. 'கொஞ்சம் பொறுத்துக்குங்க', 'தப்பா நினைச்சுக்காதீங்க', 'தெரியாம செஞ்சிட்டேன்' என்பனவே மக்கள் வாக்கு. 'பொறு' என்பது சுமையைத் தாங்குதல்; பொறை என்றாலே சுமை என்னும் பொருளும் உண்டு. தன் பிழையைச் சற்றுச் சுமக்குமாறு பிறரை வேண்டுவதாகிய இச்சொல்லில் ஒரு பணிவு இருக்கிறது. கால் பிறர்மேல் பட்டுவிடின் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கில் சொல்லே இல்லை. மலாய்க்காரரும் 'மிந்தா மாஃப்' என்று மன்னிப்பைக் கேட்கவே செய்கின்றனர். 'மிந்தா' என்றால் கேட்டல். இறப்புக்கு அவர்கள் வழங்கும் 'தக்சியா' வேறு சொல். இரண்டையும் அவர்கள் குழப்புவதில்லை.

'சாரி' ஒன்றே வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் பொதுவாய் நிற்பதால் நாடுகளிடையேயும் வழக்கு எழுந்துள்ளது. 2001 ஏப்ரல் 1-இல் அமெரிக்க உளவு விமானமொன்று சீனப் போர் விமானத்தோடு மோதிற்று. சீன விமானி மறைந்தார். அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா மன்னிப்பை வற்புறுத்தியது. பதினோராம் நாள் அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில், விமானியின் இழப்புக்கும், இசைவின்றி இறங்கியதற்கும் 'வெரி சாரி' என்று எழுதியிருந்தது. சீனர் அதனை மன்னிப்பின் பொருள்படப் பெயர்த்துத் தம் மக்களுக்கு அறிவித்தனர். அமெரிக்கரோ அது வருத்தமே, மன்னிப்பு அன்று என்றனர். 24 பேரும் வீடு திரும்பினர். இதனைத் தமிழில் 'மன்னிக்கவும்' என எழுதுபவர் சீனரின் பக்கமும், 'வருந்துகிறோம்' என எழுதுபவர் அமெரிக்கரின் பக்கமும் சாய்ந்தவராவர்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொடுமை பற்றிய அறிக்கை 1997-இல் வெளிவந்தது. 1999-இல் நாடாளுமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் இயற்றியது. அதில் 'சாரி' என்னும் சொல் இடம்பெறவில்லை. பிரதமர் ஜான் ஹோவர்டு மன்னிப்புக் கோர இசையவில்லை. 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் கெவின் ரட் அச்சொல்லை அவையில் கூறினார். கேட்டிருந்தோர் பலர் கண்ணீர் விட்டனர். அங்கே 'சாரி' என்பது குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் சொல்லாகவே எண்ணப்பட்டது. ஹைனான் கடிதத்தை எழுதியவர்க்கு அது அவ்வாறன்று. அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எழுதி நிறைவுறுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் எவ்வாறு விளக்குவர்?

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'சாரி' சொல்லலாம், கேட்க இயலாது. தமிழ்த் தாயோ, 'தம்பிகிட்ட சாரி கேளு' என்கிறாள். மன்னிப்புக் கேட்டல் என்னும் பழைய தொடர் அந்தக் 'கேளு'வில் அழியாமல் இருக்கிறது. சொல் ஆங்கிலம்; வினை தமிழ். ஆனால் கேட்டவன் விடைக்குக் காத்திருக்க வேண்டுமன்றோ? பிள்ளை 'சாரி' என்று ஒரு முறை கூவிவிட்டு, தம்பியின் முகத்தைத் திரும்பியும் பாராமல் விளையாட ஓடிவிடுகிறான்.