பரிபாடலும் பெருவெடிப்பும்

பரிபாடலின் இரண்டாம் பாட்டில் கீரந்தையார், வான், காற்று, தீ, நீர், நிலம் ஆகியன ஒவ்வோர் ஊழியில் முறையே தோன்றியதைப் பாடுகின்றார். இதுவே பெருவெடிப்புக் கொள்கை என்பார் உளர். அது பொருந்தாது. அறிவியல் பேரண்டத்தின் அகவையை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என அளந்து கூறுகின்றது. புலவரோ ஊழிதோறும் அழிந்து தோன்றும் உலகைக் காட்டி, குவளை, ஆம்பல், சங்கம் எனப் பேரெண்களை அடுக்கித் திருமாலின் தொன்மையை வியக்கின்றார்.

1948இல் ஹாயில் முதலியோர், பேரண்டத்திற்குத் தொடக்கமே இல்லை என்றனர். நார்லிகரும் அவ்வழி நின்றார். 1965இல் அறியப்பட்ட நுண்ணலைக் கதிர்வீச்சு அக்கொள்கையைத் தளர்த்தியது. சான்று மாறின் கொள்கை மாறும். அதனோடு பாட்டைப் பிணைத்தால், கொள்கை வீழும் நாளில் பாட்டும் பொய்யாகுமன்றோ? சுங்கைப் பட்டாணி வகுப்பறையிலும் சென்னைக் கல்லூரியிலும் பாட்டைப் பாட்டாகவே கற்பித்தல் நன்று.