ஒரு மீட்டருக்கு எத்தனை துடிப்பு?

ராம் இயக்கி 2019-ல் வந்த ‘பேரன்பு’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மம்மூட்டியின் மகள் பாப்பாவாக வரும் சாதனா, மடங்கிய மணிக்கட்டும் கோணலான நடையுமாகப் படம் முழுக்க அந்த உடம்பை விட்டு இறங்கவே இல்லை. செரிபிரல் பால்சி உள்ள ஒரு பெண்ணை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கடைசி ரீலில் அதிசயம் நடந்து அவள் குணமாகி ஓடுவதும் இல்லை. அதற்கே ராமுக்கு ஒரு கும்பிடு.

ஆனாலும் ஒரு குறை. நானாகக் கண்டுபிடித்ததில்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வீட்டில் படத்தை டிவியில் பார்த்தபோது அந்த வீட்டு அம்மா சொன்னது. அவர் மகளுக்கும் இதே பிரச்னை. பத்து வயது. நடப்பாள்.

‘‘நடக்கறதெல்லாம் சரியா காட்டியிருக்காங்க சார். நடந்து முடிச்சப்புறம் என்ன ஆகறான்னு காட்டலையே! இவ ஸ்கூல் விட்டு வந்தா யூனிஃபார்மோட அப்படியே தூங்கிடுவா.’’

இதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. பிசியலாஜிக்கல் காஸ்ட் இண்டெக்ஸ். ‘காஸ்ட்’ என்று பார்த்தால் பி.காம். படித்தவன் விடுவானா? நடக்கும்போது உள்ள இதயத்துடிப்பில் சும்மா இருக்கும்போது உள்ளதைக் கழித்து, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தோமோ அதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு பையனுக்கு 80 துடிப்பு 110 ஆகிறது, வேகம் 60 மீட்டர். மீட்டருக்கு அரைத் துடிப்பு. இவளுக்கு 80 என்பது 140 ஆகிறது, வேகமோ 40 மீட்டர்தான். ஒன்றரை. 200 மீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போய்ச் சேர அவனுக்கு 100 துடிப்பு கூடுதல் செலவு, இவளுக்கு 300. காலை ஒன்பது மணிக்கே!

காரணம் சோம்பல் இல்லை. காலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பெட்ரோல் என்ன ஆகும்? முழங்காலும் மடங்கியே இருந்தால் இன்னும் மோசம். பாதி உட்கார்ந்த நிலையில் உங்கள் தெருமுனை வரை போய்ப் பாருங்களேன். வளர வளர எடை கூடும், செலவும் கூடும். பத்து வயதில் நடந்த பலர் பதினைந்தில் வீல்சேருக்கு வருவது இதனால்தான்.

சினிமாவுக்கு இந்தச் செலவு தெரியாது. ஒரு ‘கட்’ போட்டால் தூரம் போயே போச்சு. ‘பேரன்பு’ மாதிரி நிதானமான படமே பாப்பாவின் நடையைக் காட்டுகிறதே தவிர, அவளுடைய களைப்பில் உட்காரவில்லை. மற்ற படங்களில் நாற்காலியை உதறிவிட்டு நாலு அடி வைத்தால் வயலின் வாசிக்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம்.

அந்தக் கைதட்டல்தான் அம்பத்தூர் வீட்டுக்குள்ளும் வந்தது. பள்ளி வரைக்கும் வீல்சேர், வகுப்புக்குள் நடை என்று அந்த அம்மா முடிவெடுத்தபோது, ‘‘நடக்கிற குழந்தையை முடக்கிட்டியே’’ என்று சொந்தக்காரர்கள் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார்களாம்.

போன வாரம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போயிருந்தேன். யூனிஃபார்ம் மாற்றியாகிவிட்டது. தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.