தாளின் மறுபக்கம்

ஒன்ச்சி கோஷிரோவின் அச்சுப் படங்களைப் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வண்ணம் தாளின் மேல் ஏடு கட்டி நிற்காமல் நாருக்குள்ளேயே ஊறிக் கிடப்பது அப்போதுதான் புலப்படும்.

ஜப்பானின் பழைய மரபில் மர அச்சு ஒரு கூட்டுத் தொழில். ஓவியர் வரைவார், வேறொருவர் செதுக்குவார், இன்னொருவர் அச்சிடுவார், பதிப்பாளர் முதல் போடுவார். மூன்று வேலையையும் ஒரே கை செய்யட்டும் என்று கிளம்பியது சோசாகு ஹாங்கா இயக்கம். அதன் முன்னோடி ஒன்ச்சி (1891–1955), 1915லேயே அரூபப் படம் அச்சிட்டவர். அவருடைய தோக்கியோ வீட்டில் 1939 முதல் மாதந்தோறும் கூடிய ‘முதல் வியாழன்’ குழுவுக்கு, போர் முடிந்தபின் அமெரிக்கர் சிலரும் வரத் தொடங்கினார்கள். அவர் படங்கள் பல கடல் கடந்தது அப்படித்தான்.

போருக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டில்தான் ஒன்ச்சி முழு வீச்சோடு வேலை செய்தார் என்பேன். மரப்பலகை ஒன்றே போதும் என்று அவர் இருக்கவில்லை. நூல், துணி, வெட்டிய காகிதம், நிஜ இலை என எதிலும் மை தடவி, மேலே ஈரத்தாளை விரித்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ கொண்டு முதுகுப்புறம் தேய்த்தார். 1953இல் செய்த ‘இலையும் மேகமும்’ படத்தில் இலை நரம்பு உளியால் வந்ததன்று, இலையே பதித்தது. பல படங்களில் சில பிரதிகளோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொன்றிலும் அழுத்தம் வேறு, ஈரம் வேறு. ஒரே படத்தின் இரு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது தனிச் சுகம்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஹாகிவாரா ஹிதேயோ (1913–2007). ‘உகியோ-ஏ’ எனும் பழைய மரபு மர அச்சுப் படங்களை மறுஅச்சிடும் நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை செய்தவர். பழந்தொழிலின் நுணுக்கம் அங்கே கண்ணில் ஏறியிருக்க வேண்டும். பிற்பாடு தாளின் பின்புறத்திலும் அச்சிட்டார். கோஸோ பட்டைத் தாளின் நார் நீளமானது, மை மறுபக்கம் வரை கசியும். பின்னாலிருந்து கசிந்துவரும் நிறம் முன்பக்க நிறத்துக்கு அடியில் மங்கலாக நிற்கும். 1960இன் ‘கல் மலர்’ வரிசையில் அந்தச் சாம்பலும் கறுப்பும் பாறைக்குள்ளிருந்து கனிந்து வருவதுபோல் இருக்கும். தைல வண்ணத்தை எத்தனை பூச்சு பூசினாலும் இந்த ஆழம் கிட்டாது. பளபளப்புத் தாளில் அச்சான கலைநூல்களிலும் இது தெரியாது, மூலப் பிரதியின் முன்னால்தான் நிற்க வேண்டும்.